மலைநாட்டுக் குளிரில் பவளத் தொட்டி: நான் தப்பாகப் புரிந்துகொண்ட மூன்று சாவுகள்

பண்டாரவளையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டு அடித் தொட்டி, உப்புத் தண்ணீர் ஊற்றி இரண்டரை மாதம். இரண்டு கிளவுன் மீனும் நன்றாக இருக்கின்றன. வாங்கி வைத்த மூன்று பவளங்களில் அக்ரோபோரா நாலே நாளில் வெளுத்துச் செத்துவிட்டது, ஹேமர் பவளம் பாதி சுருங்கிக் கிடக்கிறது, சோவாந்தஸ் மட்டும் தப்பியிருக்கிறது. தொட்டி காலையில் 22 பாகை, பின்னேரம் 26. தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்கிற பிஎச் 7.8 என்று வந்ததால் கடையில் கொடுத்த பிஎச் கூட்டும் மருந்தை ஒரு கிழமையாக ஊற்றியிருக்கிறார். மணலில் மண்ணிறமாக ஒரு படலம் வேறு. "நம்ம மலைநாட்டில் இது சரிவராதா, இல்லை நான்தான் பிழை விட்டேனா?" என்பது கேள்வி.

சரிவரும் தம்பி. ஹட்டனில், வருடத்தில் பாதி நாள் பனிமூட்டம் ஜன்னல் வரை வந்து நிற்கிற வீட்டில், ஒன்பது வருடமாக ஒரு நாலு அடித் தொட்டி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் முருகைக்கல் என்று படித்த அந்த உயிர் இங்கே என் கண்முன்னே வளர்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்குள் நிறையக் கொன்றிருக்கிறேன். உயிர்கள் செத்ததால் வந்த இழப்பைவிட, ஏன் செத்தன என்று நான் தப்பாக முடிவுகட்டியதால் வந்த இழப்பு பெரிது. இல்லாத காரணத்தைச் சரிசெய்யப் போய் அடுத்த உயிரையும் பறிகொடுத்தேன். அதனால் நீங்கள் விட்ட பிழையைச் சொல்லும் முன் என்னுடைய மூன்று தப்புக் கணக்குகளைச் சொல்கிறேன். உங்களுடையது முதலாவதிலேயே இருக்கிறது.

முதலாவது பிஎச். எனக்கும் 7.8 தான் வந்தது, சில விடியற்காலைகளில் 7.7. புத்தகத்தில் 8.1 முதல் 8.3 வரை என்று இருந்தது. கடையில் மருந்து தந்தார்கள், ஊற்றினேன். இரண்டு மணி நேரத்தில் 8.2. சந்தோஷம். மறுநாள் காலையில் பழையபடி 7.8. மறுபடி ஊற்றினேன். பத்து நாள் இப்படியே போனது. அக்ரோபோராவின் நுனிகள் தீயில் காட்டியதுபோல் வெள்ளையாகின. ஹீட்டரிலும் மோட்டாரிலும் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு பொருக்கு ஏறியது. அப்போதுதான் அல்கலினிட்டியை, அதாவது தண்ணீரில் கார்பனேட் எவ்வளவு இருக்கிறது என்பதை அளந்தேன், 13 டிகேஎச் (அதை அளக்கிற அலகு). இயற்கைக் கடலில் அது ஏறக்குறைய 7. தொட்டிகளில் 8 அல்லது 9 என்று வைப்பார்கள்.

நடந்தது இதுதான். அந்த மருந்து பெரும்பாலும் சோடியம் கார்பனேட். ஊற்றியதும் பிஎச் ஏறும். பிறகு அறைக் காற்றில் இருக்கிற கரியமில வாயு தண்ணீரில் கரைந்து அதைத் திரும்ப இறக்கிவிடும். ஆனால் ஊற்றிய கார்பனேட் எங்கும் போகாது, ஒவ்வொரு நாளும் சேர்ந்துகொண்டே இருக்கும். பவளம் எலும்பு கட்டுவது அந்தக் கார்பனேட்டையும் கல்சியத்தையும் வைத்துத்தான். அளவு திடீரென்று எகிறினால் எலும்பு முன்னால் ஓட, சதை பின்தங்கிவிடும். மிஞ்சிய கார்பனேட் கல்சியத்தையும் இழுத்துக்கொண்டு பொருக்காகப் படிந்துவிடும். அக்ரோபோரா இதைத் தாங்காது. சோவாந்தஸ் எலும்பே கட்டாத ஜாதி, அதனால்தான் உங்களிடம் அது தப்பியிருக்கிறது.

அப்படியானால் பிஎச் ஏன் இறங்கியது? கொழும்பில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவார்கள். நாம் ஐந்து மணிக்கே எல்லாவற்றையும் அடைத்து விடுவோம். அடைத்த வீட்டில் ஐந்து பேர் மூச்சு, குசினியில் கேஸ் அடுப்பு. அந்தக் காற்றைத்தான் ஸ்கிம்மர் (காற்றுக் குமிழியால் அழுக்கை நுரையாக்கி எடுக்கிற கருவி) இரவு முழுக்க உறிஞ்சித் தொட்டிக்குள் கலக்கிறது. இதைக் கண்டுபிடிக்க மருந்தோ கருவியோ வாங்க வேண்டாம். ஒரு ஜக்கில் தொட்டித் தண்ணீர் எடுத்து, விறாந்தைக்குக் கொண்டுபோய், சின்ன ஏர் பம்பை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மறுபடி பிஎச் அளந்து பாருங்கள். எனக்கு 7.8 இருந்தது 8.1 ஆனது. விறாந்தையில் நின்று பிஎச் பரிசோதனைக் குழாயின் நிறம் மாறியதைப் பார்த்தபோது, பத்து நாளாக நான் ஊற்றிய ஒவ்வொரு மூடியும் நினைவுக்கு வந்தது. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னல் சட்டத்தில் ஒரு துளை போட்டு வெளியே விட்டேன். அன்றிலிருந்து பகலில் 8.1க்குக் குறைவது அபூர்வம். குழாயின் வெளி நுனியில் ஒரு துண்டு வலை கட்டி, மழை ஏறாமல் கீழ்நோக்கி வளைத்து விடுங்கள். பக்கத்தில் தேயிலைக்கு மருந்து அடிக்கிற நாளில் மட்டும் உள்ளே எடுத்துவிட வேண்டும். நுளம்புத்திரியும் சாம்பிராணியும் தொட்டி இருக்கிற அறையில் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது இறால். ஜூலை மாதம், மழை விடாமல் பெய்த காலம். ஒரு கிழமைக்குள் நான்கு கிளீனர் இறால், ஏழெட்டு நத்தை எல்லாம் போய்விட்டன. மீன்கள் எப்போதும்போல் ஓடித் திரிந்தன. கொழும்பில் இருந்து வந்த பயணக் களைப்பு என்று நினைத்தேன். இன்னும் நான்கு இறால் எடுப்பித்தேன். அவையும் மூன்றாம் நாள் மல்லாந்து கிடந்தன.

நான் அப்போது உப்புக் கலக்கியது மேலேயிருந்து வருகிற பீலித் தண்ணீரில். கண்ணாடி மாதிரித் தண்ணீர். டி.டி.எஸ் மீட்டரில் 28 காட்டியது, கொழும்புக் குழாய்த் தண்ணீரை வைத்துப் பார்த்தால் சுத்தமோ சுத்தம். ஆனால் அந்த மீட்டர் தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. தேயிலையில் கொப்புள நோய் மழைக்காலத்தில்தான் அதிகம். அந்த நோய் 1946இல் இலங்கைக்கு வந்த காலத்திலிருந்து அதற்கு அடிக்கிற முக்கியமான மருந்து செம்பு கலந்தது. மழை அதைக் கழுவி ஓடைக்குக் கொண்டுவரும். வீட்டுக்குள் பித்தளைக் குழாய் இருந்தால் அதிலிருந்தும் செம்பு கரையும், நம் மலைத் தண்ணீர் மென்மையானது என்பதால் கொஞ்சம் கூடவே கரையும். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் செம்பைத்தான் மருந்தாகக் கொடுப்பார்கள். அந்த அளவை மீன் தாங்கும். இறால், நத்தை, பவளம் அதில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது. முதுகெலும்பு உள்ளது நன்றாக இருந்து, இல்லாதது வரிசையாகச் செத்தால் முதல் சந்தேகம் செம்பின் மேல்தான் வர வேண்டும். நான் செம்பு பரிசோதனைப் போத்தலை வாங்கியதே எட்டாவது இறாலுக்குப் பிறகு. சேமித்து வைத்திருந்த வாளித் தண்ணீரில் நிறம் மாறியது.

அதன்பிறகு ஆர்.ஓ வடிகட்டி (நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரை வடிப்பது), அதன் கடைசியில், மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துவிடுகிற டி.ஐ ரெசின். வெளியே வரும் தண்ணீரில் டி.டி.எஸ் 0. தோட்டப்புறத் தண்ணீரில் உரத்தின் நைட்ரேட்டும் கலந்து வருவதால் மலைநாட்டுக்காரருக்கு இது ஆடம்பரம் இல்லை, தொட்டிக்கு முன்னால் வாங்க வேண்டிய சாமான். கொதிக்க வைத்தால் கிருமி போகும், செம்பும் நைட்ரேட்டும் போகாது. தண்ணீர் ஆவியாவதால் இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும்.

உப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் கேட்கிறார்கள். ஆனையிறவு, ஹம்பாந்தோட்டைக் கல்லுப்பும் கடல் உப்புத்தானே என்று. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடும், பிறகுதான் நாம் சாப்பிடுகிற உப்பு படியும், மக்னீசியம் கடைசித் தண்ணீரோடு வடித்து விடப்படும். ஆக மூட்டையில் இருப்பது சோடியம் குளோரைடு. பவளத்துக்கு வேண்டிய கல்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மக்னீசியம் 1,300 அளவு, இரண்டும் அதில் இல்லை. தொட்டிக்கென்று விற்கிற உப்புத்தான் வேண்டும். நீர்கொழும்புப் பக்கத்தில் இருந்து கேனில் கடல்நீர் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், மழைக்காலத்தில் எடுத்தால் அது பாதி ஆற்று நீர்.

மூன்றாவதுதான் இன்றைக்கும் மனதை அறுப்பது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்கள். என்னிடம் ஒரு பவுடர் புளூ டாங் இருந்தது. வான நீலம், முதுகில் மஞ்சள் கோடு, என் கையில் இருந்து கடற்பாசித் தாளை இழுத்துத் தின்னும். பின்னேரம் போன கரண்ட் இரவாகியும் வரவில்லை. குளிர்ந்துவிடும் என்று பயந்து, கண்ணாடி மூடியைப் போட்டு, மேலே இரண்டு கம்பளியால் சுற்றினேன். பிள்ளைக்குப் போர்த்துவதுபோல் நாலு பக்கமும் செருகி விட்டேன். கரண்ட் வந்து கம்பளியை எடுத்தபோது டாங் மூலையில் சாய்ந்து கிடந்தது, வாய் திறந்தபடி.

குளிர்தான் கொன்றது என்று முடிவுகட்டினேன். மூன்று நாள் கழித்து மறுபடி கரண்ட் போனபோது மூன்று கம்பளி. அன்று இரண்டு அன்தியாஸ் மீன்கள் போயின. ஆனால் அன்று ஒரு வேலை செய்திருந்தேன், இடையிடையே எழுந்து வெப்பநிலையைக் கொப்பியில் குறித்து வைத்தேன். காலையில் பார்த்தால் தண்ணீர் 23.4க்குக் கீழே இறங்கவே இல்லை. 23 பாகையில் இந்த மீன் சாகாது. நடுச்சாமத்தில் டோர்ச் அடித்துப் பார்த்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. கிளவுன் இரண்டும் நீர் மட்டத்தில் வாயை வைத்து, செவுளை வேகமாக அடித்துக்கொண்டு நின்றன. அது மூச்சுத் திணறல்.

மலையில் இருப்பவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரம், உங்கள் பண்டாரவளையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட 14 வீதம் குறைவு. 1,868 மீட்டரில் இருக்கிற நுவரெலியாவில் 20 வீதம். தண்ணீரில் கரைகிற ஒட்சிசனும் அதே விகிதத்தில் குறையும். 25 பாகையில் கடல்நீர் கரையோரத்தில் லீட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் பிடித்து வைக்கும் என்றால், நம் வீட்டில் அது 5.8. நம் ஓடைகளில் தண்ணீர் குளிர் என்பதால் ஒட்சிசன் போதிய அளவு இருக்கும். தொட்டியை நாம் 25க்குச் சூடாக்கி வைத்திருக்கிறோம், அந்த லாபம் இங்கே கிடையாது. இரவில் பவளமும் பாசியும் பக்டீரியாவும் எல்லாமே ஒட்சிசனை எடுக்கும், எதுவும் கொடுக்காது. அதற்கு மேல் நான் மூடி போட்டுக் கம்பளியும் சுற்றினேன். அதிக மூச்சு வேண்டிய மீன் முதலில் போனது.

இப்போது கரண்ட் போனால் மூடியை எடுத்துவிடுவேன். கம்பளி நாலு பக்கக் கண்ணாடிக்கு மட்டும், மேற்பரப்பு திறந்தே இருக்கும். மீன் பிடிக்கிறவர்கள் வைத்திருக்கிற பற்றரி ஏர் பம்ப் இரண்டு எப்போதும் அலுமாரியில் இருக்கும். அதுவும் இல்லாவிட்டால் ஜக்கில் மொண்டு ஒரு முழம் உயரத்தில் இருந்து ஊற்ற வேண்டும், கால் மணிக்கு ஒரு தடவை பத்துப் பன்னிரண்டு ஜக். குளிர் மெதுவாக வரும், அவகாசம் கொடுக்கும். மூச்சு முட்டுவது அவகாசம் கொடுக்காது. கரண்ட் இல்லாத நேரம் தீனி போட வேண்டாம்.

சரி, உங்கள் தொட்டிக்கு வருகிறேன்.

மணலில் இருக்கிற மண்ணிறப் படலம் உங்கள் பிழை இல்லை. இரண்டரை மாதத் தொட்டியில் டயட்டம் என்ற நுண்பாசி வருவது வழமை, தண்ணீரில் இருக்கிற சிலிக்கேட் தீர்ந்தால் தானாகப் போகும். பைப் தண்ணீரில் கலக்கினால் தீராது. அதற்கென்று எந்த மருந்தும் ஊற்றாதீர்கள்.

அக்ரோபோராவை அந்தத் தொட்டிக்கு இவ்வளவு சீக்கிரம் வாங்கியிருக்கக் கூடாது. விற்றவர் சொல்லியிருக்க வேண்டும். அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பக்டீரியா நிலைகொள்ளவே நாலு முதல் ஆறு கிழமை ஆகும், குளிர்ந்த தண்ணீரில் இன்னும் கூட. அதற்குப் பிறகும் அளவுகள் ஆட்டம் நிற்க மாதக் கணக்கு எடுக்கும். ஒரு வருடம் ஆகாத தொட்டியில் நான் அந்த ஜாதியை வைக்கமாட்டேன். கூண்டோடு கடலில் இருந்து பிடுங்கி வருகிற பவளத்தையும் வாங்காதீர்கள். நம் கடலில் பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம். 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவவில் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது, 2016இலும் அடி விழுந்தது. மிச்சம் இருப்பதை நம் கண்ணாடிப் பெட்டிக்காக உடைக்க முடியாது. தொட்டியில் வளர்த்து வெட்டிக் கொடுத்த துண்டுகள் கிடைக்கின்றன, அவைதான் தொட்டி வாழ்க்கைக்கும் பழகியவை.

காலை 22, பின்னேரம் 26 என்பதை உடனே நிறுத்த வேண்டும். கடல் பொதுவாக ஒரு நாளைக்கு நாலு பாகை ஆடாது. உங்களிடம் 50 வாட் ஹீட்டர் ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன், கொழும்புக் கடைகளில் அந்த அளவுத் தொட்டிக்கு அதைத்தான் கொடுப்பார்கள். கொழும்பில் அறை 28 பாகை. அங்கே இருப்பவர்களுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர்தான் தலையிடி. உங்கள் அறை விடியற்காலையில் 14, 15க்கு இறங்கும். 70 லீட்டருக்கு 75 வாட்டில் இரண்டு போடுங்கள். 150 வாட்டில் ஒன்று போடாதீர்கள். ஹீட்டரின் தெர்மோஸ்டாட் அதிகம் பழுதாவது 'ஓன்' நிலையில் ஒட்டிக்கொண்டுதான். பெரியது ஒன்று ஒட்டிக்கொண்டால் ஒரு இரவில் தொட்டி வெந்துவிடும், சின்னது ஒட்டிக்கொண்டால் உங்களுக்கு ஒரு நாள் கிடைக்கும். இரண்டையும் வெளியே இருக்கிற ஒரு கன்ட்ரோலர் வழியாகக் கொடுத்தால் இன்னும் நல்லது, 25.5இல் வையுங்கள்.

தண்ணீர் மாற்றும்போது புது உப்புத் தண்ணீர் வாளியிலும் ஒரு ஹீட்டர் போட்டு 25க்குக் கொண்டுவந்த பிறகே ஊற்ற வேண்டும். குளிர்ந்த வாளியை அப்படியே ஊற்றித்தான் என் முதல் லெதர் பவளம் ஒரு மாதம் மூடிக் கிடந்தது. குளிர்ந்த அறையில் சூடான தொட்டி வேகமாக ஆவியாகும், குறிப்பாகக் காற்று காய்ந்து வீசுகிற பெப்ரவரியில். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி, மட்டம் இறங்கினால் ஆர்.ஓ தண்ணீரால் நிரப்புங்கள், உப்புத் தண்ணீரால் அல்ல. உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது அடர்த்தி 1.026 அளவு. உப்பை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி திரவம் விட்டுச் சரிபாருங்கள், வெறும் தண்ணீர் விட்டு 0 காட்டினால் மட்டும் போதாது.

சோவாந்தஸ் பற்றி ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து மறக்க வேண்டாம். அந்த ஜாதிப் பவளங்கள் சிலவற்றில் பலிடொக்சின் என்ற கடுமையான நஞ்சு இருக்கிறது. அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்வதாகச் சுடுதண்ணீரிலோ சட்டியிலோ போட்டுக் கொதிக்க வைத்தால் அந்த ஆவியைச் சுவாசித்து வீட்டில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரும். கையுறை போடுங்கள், வெட்டினால் கண்ணாடியும் போடுங்கள், சின்னப் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

ஹேமரைக் காப்பாற்ற முடியும். இன்றைக்கே பிஎச் மருந்தை நிறுத்துங்கள். அல்கலினிட்டி அளந்து பாருங்கள், 12, 13 என்று இருந்தால் பயந்து ஒரே நாளில் இறக்கப் போகாதீர்கள். ஏறியதைவிட மெதுவாக இறங்கட்டும், நாளைக்கு ஒரு டிகேஎச்சுக்கு மேல் வேண்டாம். ஆர்.ஓ தண்ணீரில், அல்கலினிட்டி 8 அளவு வருகிற உப்பைக் கலந்து, மூன்று நாளைக்கு ஒருமுறை பத்து வீதம் மாற்றினாலே போதும். விறாந்தைப் பரிசோதனையைச் செய்து பாருங்கள். 40 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, தொட்டிக்குப் பக்கத்திலேயே பேனையோடு கட்டித் தொங்கவிடுங்கள். காலை வெப்பநிலை, பின்னேர வெப்பநிலை, அன்று ஊற்றியது, அன்று செத்தது, வெளியே மழையா வெயிலா, கரண்ட் எத்தனை மணிக்குப் போனது எல்லாவற்றையும் எழுதுங்கள். என் டாங்குக்கு நடந்ததைப் பிடித்துத் தந்தது அந்த 23.4 என்ற ஒரு வரிதான்.

ஹேமரை இடம் மாற்றவோ வெட்டவோ வேண்டாம். வெளிச்சம் நேராக விழாத, நீரோட்டம் மெதுவாக அசைக்கிற இடத்தில் அப்படியே இருக்கட்டும். சுருங்கிய பக்கத்தில் எலும்பின் விளிம்பைத் தினமும் டோர்ச் அடித்துப் பாருங்கள். சதை மண்ணிறச் சளியாகக் கரைந்து பரவினால் அந்தத் தலையை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும், உடனே எழுதுங்கள், எப்படி என்று சொல்கிறேன். சளி இல்லாமல், விளிம்பில் மெல்லிய பச்சைச் சதை ஒட்டிக்கொண்டு இருந்தால் அது உயிரோடு இருக்கிறது. மேலே சொன்ன தண்ணீர் மாற்றத்தைத் தவிர வேறு எதையும் அவசரப்பட்டு ஊற்றாமல் மூன்று கிழமை பொறுங்கள். எனக்கு ஒன்று அப்படி இருபத்திரண்டாம் நாள் ஒரு பக்கத்தில் நுனி ஊதி வெளியே வந்தது.